'சூட்டுப் படம்' எடுக்கிற மார்பக முகாம்: திருகோணமலைப் பெண்களே, ஏமாறாதீங்க

"தொடமாட்டோம், நோகாது, கதிர் இல்லை" என்று வட்ஸ்அப்பில் வந்த மார்பகச் சோதனை நோட்டீஸைப் பார்த்து, சித்திரை வருஷம் முடிந்த கையோடு உப்புவெளிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போனேன். சும்மா போகவில்லை. குளிக்கும்போது இடது மார்பில், கமக்கட்டுக்குக் கிட்ட, புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டிருந்தது. அழுத்தினாலும் நோவில்லை. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

7,500 ரூபா. வெயிலில் வந்த வியர்வை காய முன்னமே திரைக்குப் பின்னால் நிற்பாட்டி, சூட்டைப் படமாக்கிற கமராவால் ஒரு பிள்ளை மூன்று படம் எடுத்தா. சிவப்பும் நீலமுமாக ஒரு தாள்.

"இதில கட்டி மாதிரி ஒண்டு தட்டுப்படுது, பிள்ளை" என்று இடத்தைக் காட்டினேன்.

"அது கொழுப்பு அன்ரி. கட்டி எண்டா சிவப்பாக் காட்டும். மெமோகிராம் ஒண்டும் தேவையில்லை."

கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாளில் டொக்டரின் பெயரும் இல்லை, மருத்துவ சபைப் பதிவிலக்கமும் இல்லை. காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் பூட்டி வைத்தேன், அவ்வளவு நம்பிக்கை! பிறகு குளிக்கும்போது கை அந்த இடத்துக்குப் போனாலும் 'அதுதான் பார்த்தாச்சே' என்று எடுத்துவிடுவேன். ஐந்து மாதம் இப்படியே போனது.

மருமகளின் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல மாதுவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவ முகமே மாறிப்போச்சு. அந்தக் கிழமையே சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்பினா. அங்கே காசில்லை. 35 வயதிலிருந்து பெண்களைப் பார்க்கிற இடம், 52 வயது வரை நான் வாசல் மிதிக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் மெமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சோதனை. புற்றுநோய்தான். ஒப்பரேஷன் முடிந்து இப்போது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன்.

அந்தக் கமரா தோலின் சூட்டை மட்டும்தான் அளக்குமாம், மெமோகிராமுக்கு ஈடாகாது என்று டொக்டர் சொன்னார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே இதைப் பற்றிப் பெண்களை எச்சரித்திருக்கிறது என்று மகள் தேடிக் காட்டினாள்.

மாதம் ஒருக்கா உங்கட மார்பை நீங்களே சோதித்துப் பாருங்கோ. மாதவிடாய் வருகிறவர்கள் அது தொடங்கி ஒரு கிழமை கழித்துப் பாருங்கோ. என்னைப்போல நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒரே தேதியை வைத்துக்கொள்ளுங்கோ. கண்ணாடி முன்னால் கையை உயர்த்தி, தோல் குழி விழுந்திருக்கா, தோடம்பழத் தோல் மாதிரி இருக்கா, காம்பு புதிசா உள்ளே இழுத்திருக்கா, நீரோ இரத்தமோ கசியுதா என்று பார்க்கவேணும். பிறகு படுத்துக்கொண்டு மூன்று விரலின் தட்டைப் பக்கத்தால், காறை எலும்பிலிருந்து மார்பு முழுக்க, கமக்கட்டு வரை அழுத்திப் பார்க்கவேணும். கையில் ஒன்றும் படாவிட்டாலும் கிளினிக்கை விடாதீங்க, எல்லாக் கட்டியும் கைக்கு எட்டாது. பட்டால், எந்தத் தாள் என்ன சொன்னாலும் டொக்டரிடம் போங்கோ.

காசைத் திருப்பிக் கேட்க எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. போன கிழமை அதே நோட்டீஸ் வேறு பெயரில் மூதூர் குறூப் ஒன்றில் வந்திருக்கு. அதே நீலச் சிவப்புப் படம். விலை மட்டும் 9,000.