ஆனவண்டிக் கண்டக்டர் ஏறிய கப்பல்: ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்

இருபத்தாறு வருடம் கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். பெரும்பாலும் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி. வண்டியில் யானை முத்திரை இருப்பதால் அதை ஆனவண்டி என்பார்கள். வேலைக்கு வெளியே நான் போன தூரம் என்று பார்த்தால் பழனி, குருவாயூர், ஒருமுறை திருப்பதி. அப்படிப்பட்டவனை மகளும் மாப்பிள்ளையும் 2023 மார்ச்சில், பேரனுக்குச் சிங்கப்பூர்ப் பள்ளியில் லீவு விட்ட வாரத்தில், ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் என்ற கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்து, மறுபடி சிங்கப்பூர். நான்கு இரவு.

ஊருக்கு வந்ததும் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "கப்பல்ல எதுங்க நல்லா இருந்துச்சு?" ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். இதில் என் விருப்பமும் உண்டு, கூட வந்தவர்களிடம் கேட்டதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் ரிட்டயர் ஆகிவிடுமா என்ன.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் 347 மீட்டர். எங்கள் பஸ் 12 மீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய 29 வண்டிகளை முட்டிமுட்டி நிறுத்திய நீளம். அறைக்கு இரண்டு பேர் என்று பிடித்தாலே 4,246 பயணிகள்; ஐம்பத்தைந்து சீட் கணக்கில் எழுபத்தேழு பஸ் நிறைந்துவிடும். வேலையாட்கள் 1,500க்கு மேல். ஜெர்மனியில் மேயர் வெர்ஃப்ட் என்ற கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2019இல் ஓடத் தொடங்கியது. 1,69,379 டன் என்று படித்துவிட்டு, இத்தனை எடை எப்படி மிதக்கிறது என்று கேட்டேன். அது எடையே இல்லையாம், உள்ளே இருக்கும் இடத்தின் கணக்காம். "பஸ்ஸுல நீங்க எடை பாத்தா ஆள ஏத்துனீங்க மாமா, எடம் பாத்துத்தானே?" என்றார் மாப்பிள்ளை. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு அந்தக் கப்பலில் மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? வாசலில் கேட்கும் 'டிங்' சத்தம். மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள், சீபாஸ் என்று பெயர். அறைக் கதவுக்கு அதுதான் சாவி, உள்ளே எது வாங்கினாலும் அதில்தான் கணக்கு. கரையில் இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் வாசலில் அதைக் காட்டினால் டிங் என்கிறது, அங்கே நிற்பவருக்குத் திரையில் நம் முகம் வருகிறது. யார் வெளியே, யார் உள்ளே என்று கப்பலுக்கு எந்த நேரமும் தெரியும். பொள்ளாச்சியில் டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது ஓர் ஆள் குறைந்தால் நான் பட்ட பாட்டை நினைத்தேன். தலையை எண்ணி, மறுபடி எண்ணி, கழிப்பறைப் பக்கம் ஓடி, டிரைவரிடம் திட்டு வாங்கி, கடைசியில் அந்த ஆள் பின் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இங்கே நாலாயிரம் பேருக்கு ஒரு டிங்.

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பாடத்தையும் கூட்டம் சேர்க்காமல் முடித்துவிட்டார்கள். போனில் படம் பார்க்க வேண்டும், நமக்குக் குறித்த இடத்துக்கு ஒருமுறை நடந்துபோய் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அறையைப் பற்றி வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. எங்களுக்கு எடுத்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. ஆனால் சுவரில் தரையிலிருந்து கூரை வரை 80 அங்குலத் திரை. வெளியே கேமரா பிடிக்கும் கடல் அப்போதைக்கப்போது அதில் தெரிகிறது. கடல் சத்தமும் வருகிறது, வேண்டாமென்றால் குறைக்கலாம், அணைக்கலாம். முதல் நாள் சாயங்காலம் கப்பல் கிளம்ப, திரையில் சிங்கப்பூர் மெல்ல நகர்ந்தது. என் மனைவி பக்கத்தில் போய் நின்று தடவிப் பார்த்தாள். "ஏனுங்க, இதத் தொறக்க முடியாதுங்களா? கொஞ்சம் காத்து வரட்டும்." எனக்கு அந்தத் திரை போதும். ராத்திரி வெளியே இருட்டு என்றால் அறையிலும் இருட்டு, விடிந்தால் தானே வெளுக்கிறது, அலாரமே வேண்டாம். பால்கனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு மேல்தளத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு.

நார்த் ஸ்டார் பற்றிச் சொல்லாவிட்டால் பேரன் கோபித்துக்கொள்வான். கிரேன் கை மாதிரி ஒரு நீண்ட கை, அதன் நுனியில் கண்ணாடிக் கூண்டு. பதினான்கு பேர் ஏறலாம். கடல் மட்டத்திலிருந்து 300 அடி உயரத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது. காலுக்கு நேர் கீழே கப்பல் இல்லை, தண்ணீர்தான். மலம்புழா ரோப்வேயில் ஏறியவர்களுக்கு உயரம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் மலம்புழாவில் கீழே மரமும் பூந்தோட்டமும் இருக்கும், இங்கே பார்வைக்குப் பிடிமானமே கிடையாது. பேரன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்புச்சி, நீங்க பயப்படாதீங்க" என்றான். காற்று பலமாக இருந்தால் இதை இயக்க மாட்டார்கள். அதனால் கடைசி நாளுக்கு என்று தள்ளிவைக்காமல் முதல் நாளே நேரம் குறித்துவிடுங்கள்.

மகளுக்குப் பிடித்தது ரிப்கார்டு. கீழேயிருந்து மேலே காற்றடிக்கும் கண்ணாடிக் குழாய்க்குள், தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மிதக்கலாம். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவள் பட்டம் மாதிரி ஆடியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அலைச்சறுக்கு விளையாட ஃப்ளோரைடர் என்று ஓர் இடம் உண்டு. அங்கே விளையாடுகிறவர்களைவிட விழுவதைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம்.

சீபிளெக்ஸ் எனக்குப் பிடித்த இடம். பெரிய கூடம். ஒரு நேரம் கூடைப்பந்து, ஒரு நேரம் சக்கரச் செருப்பு, ஒரு நேரம் மோதும் கார்கள். பகலில் லைனில் ஓடிய வண்டியே ராத்திரி கல்யாண டிரிப் போகிற மாதிரி, இடம் ஒன்று, வேலை மூன்று.

பின்பக்கம் டூ செவன்டி என்ற அரங்கு. பகலில் உயரமான கண்ணாடிச் சுவர் வழியே கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெள்ளைத் தடத்தைப் பார்த்தபடி எத்தனை நேரமும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். ராத்திரி அதே கண்ணாடி திரையாகிறது. இயந்திரக் கைகளில் மாட்டிய ஆறு திரைகள் தனியாக நடனம் ஆடுகின்றன. கதை எனக்குச் சரியாகப் புரியவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயோனிக் பாரில் இரண்டு இயந்திரக் கைகள் மது கலந்து தருகின்றன. பலகையில் தொட்டுச் சொன்னால் போதும். கூட்டம் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன், கள்ளுக்கடை நாட்டில் பிறந்தவன். எங்கள் கடையில் ஊற்றுகிறவர், "என்னாச்சு, மொகம் வாடியிருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். இந்தக் கை குலுக்கி ஊற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது.

மற்றவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில்கள் சுவாரஸ்யமானவை. கோட்டயத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் குடும்பத்துக்கு ஸ்டார் மொமென்ட் என்ற பாட்டுப் பாடும் அறைதான் எல்லாமே, தினமும் போனார்கள். சென்னைப் பெரியவர் ஒருவர், குழந்தைகளுக்கு அனுமதி இல்லாத சோலாரியம் குளக்கரையில் பேப்பர் இல்லாமலே பேப்பர் படிக்கிற தோரணையில் கிடந்தார். அவர் மருமகள் சொன்னது வேறு: "அங்கிள், நாலு நாள் சமையல் இல்ல. இதுக்கு மேல என்ன வேணும்?" என் மனைவி வேகமாகத் தலையாட்டியதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சாப்பாடு பதினான்காம் தளத்து வின்ட்ஜாமரில். பஃபே. சோறு, பருப்பு, காய்க்கறி கிடைத்தது, பட்டினி கிடக்கவில்லை. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். எட்டரை மணிக்குப் போவது திங்கட்கிழமை காலேஜ் டிரிப்பில் ஏறுவதற்குச் சமம். டீ மட்டும் அவரவர் பாடு, பையும் வெந்நீரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆற்றிய டீயைத் தேடினால் கிடைக்காது, அதற்குக் கப்பலைக் குறை சொல்லவும் முடியாது. மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாள். ஊறுகாய் ஊரில் இருந்தது.

பினாங்கில் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். குயீன் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. கும்பிட்டுவிட்டு, தமிழில் பேரம் பேசி மனைவி இரண்டு சேலை வாங்கினாள். கடல் கடந்து வந்து வாங்கியது சேலை.

புக்கெட்டில் கப்பல் கரைக்குப் போகவில்லை. தள்ளி நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் ஆட்களை ஏற்றிவிட்டார்கள். மகள் குடும்பம் போனது, நாங்கள் இருவரும் போகவில்லை. அதுதான் அந்தப் பயணத்தின் நல்ல நாள். லிஃப்ட் காலி, குளம் காலி, நார்த் ஸ்டார் பக்கம் ஆளே இல்லை. கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கியபின் வண்டியில் ஒரு நிம்மதி வரும், கண்டக்டர்களுக்குத் தெரியும். மனைவி காலை நீரில் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கடல் ஆழியாறு அணை மாதிரி அசையாமல் கிடந்தது.

காசு விஷயம் ஒன்று. எங்கள் விசா வேலையைப் பார்த்த ஏஜென்ட் "எல்லாம் டிக்கெட்டிலயே அடக்கங்க" என்று சொல்லியிருந்தார். அப்படி இல்லை. அறை, வின்ட்ஜாமர், பெரிய சாப்பாட்டுக் கூடம், மேடை நிகழ்ச்சி, குளம், சீபிளெக்ஸ் இவை அடக்கம். இன்டர்நெட், மது, தனி உணவகங்கள், அவர்கள் எடுக்கும் போட்டோ, ஊழியர்களுக்கு நாள் கணக்கில் போடும் டிப்ஸ் இவை தனி. கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்க, தினமும் ஒருமுறை கணக்கைக் கேட்டுப் பாருங்கள். நான் ராத்திரிக் கலெக்‌ஷன் எண்ணுகிற மாதிரி எண்ணினேன். விசாவிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி மறுபடி அங்கேயே இறங்குகிறோம், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது.

ஸ்பெக்ட்ரம் 2024இல் ஷாங்காய்ப் பக்கம் போய்விட்டது. இதே குடும்பத்தில் குவாண்டம், ஆந்தம், ஓவேஷன், ஒடிஸி என்று நான்கு கப்பல்கள் உண்டு. நார்த் ஸ்டாரும் ரிப்கார்டும் அவற்றிலும் இருக்கின்றன. மகள் இன்னொரு முறை கூப்பிடுகிறாள். உள்ளறை என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவி, திறக்கிற ஜன்னல் இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.