குளூட்டன் மாத்திரை, கணைய நொதி, லாக்டேஸ்: சீலியாக் உள்ளவர் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஆன்லைன் கடையில் 'டைஜஸ்டிவ் என்சைம்' என்று தேடினால் ஒரே பக்கத்தில் நாலைந்து வகைச் சரக்கு வந்து நிற்கிறது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உடைப்பதாகச் சொல்லும் கேப்சூல், கணைய நொதி, பால் சர்க்கரைக்கு லாக்டேஸ், பருப்பு வாயுவுக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ், அப்புறம் நம் வீடுகளில் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஸ்பூன் குடிக்கிற அந்த இனிப்பு சிரப். குளூட்டன் உள்ளே போனால் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலையே தாக்கும் சீலியாக் நோய்க்காகக் கோதுமையை விட்டவர்களுக்கு இதில் எதை எடுப்பது என்று குழப்பம் வருவது இயல்புதான். எல்லாவற்றுக்கும் பெயர் என்சைம், தமிழில் நொதி. ஆனால் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் சத்தம் அதிகம் போடுவது குளூட்டன் மாத்திரை. சீலியாக் உள்ளவருக்கு அதனால் ஆகிற காரியம் குறைவு. கணைய நொதியும் லாக்டேஸும் ஓரமாக இருக்கின்றன. தேவைப்படுகிறவருக்கு அவை நிஜமாகவே வேலை செய்கின்றன.

குளூட்டனை உடைக்கும் மாத்திரைகள்

குளூட்டன் புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். புரோலினை ஒட்டி வெட்ட நம் வயிற்றிலுள்ள பெப்சினுக்கும் தெரியாது, கணையத்திலிருந்து வரும் டிரிப்சினுக்கும் தெரியாது. 2002-இல் ஸ்டான்ஃபோர்டில் சைதன் கோஸ்லாவின் குழு, எந்தச் செரிமான நொதிக்கும் மசியாமல் தப்பித்துவரும் 33 அமினோ அமிலத் துண்டு ஒன்றை அடையாளம் கண்டது. மற்றவர்கள் குடலில் அது சும்மா போய்விடும். சீலியாக் உள்ளவர் குடலில் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துக் கொதித்தெழும். சிறுகுடலின் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள், தட்டையாகிவிடும். பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு நொதி அந்தத் துண்டை வெட்டுகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. இன்றைய குளூட்டன் மாத்திரை வியாபாரத்துக்கு அறிவியல் அடித்தளம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு சாதி. லேபிளில் 'டிபிபி-4' என்று போட்டு, கூடவே பத்துப் பதினைந்து நொதிகளைக் கலந்து விற்பது ஒன்று. 'ஏஎன்-பெப்' எனப்படும், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி இன்னொன்று.

முதல் சாதியை நான் வாங்க மாட்டேன். டிபிபி-4 புரதத் துண்டின் ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு அமினோ அமிலமாகக் கொறிக்கிற நொதி. நடுவில் புகுந்து வெட்டாது. போதாததற்கு வயிற்று அமிலத்தில் அதற்குத் தெம்பும் இல்லை. 2015-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்தையிலிருந்த ஐந்து செரிமான நொதிகளைச் சோதித்தார்கள். குளூட்டனின் ஆபத்தான பகுதிகளை ஒன்றுகூடச் சரியாக உடைக்கவில்லை, ஏஎன்-பெப் உடைத்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஏஎன்-பெப் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, ஏஎன்-பெப் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? 2017-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன 18 பேருக்கு இரண்டு கோதுமை பிஸ்கட்டை நொறுக்கிப் போட்ட கஞ்சியைக் கொடுத்தார்கள். குளூட்டன் மொத்தம் அரை கிராம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலும் முன்சிறுகுடலிலும் இருப்பதை எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை போட்டபோது வயிற்றில் குளூட்டன் சுமார் 85 சதவீதம் குறைந்திருந்தது.

கேட்க அருமையாக இருக்கிறது. இதைப் பரோட்டாவுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரோட்டாவில் 60, 70 கிராம் மைதா இருக்கும். குளூட்டன் குறைந்தது 5 கிராம். ஆய்வில் கொடுத்ததைப்போல் பத்து மடங்கு. அப்படியும் மாத்திரை அதே 85 சதவீதத்தை உடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 750 மில்லிகிராம். சீலியாக் உள்ளவர்களுக்கு மூன்று மாதம் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வில் அந்த 50-க்கே குடல் சுவர் சேதமானது. மாத்திரையை நம்பித் தின்ற ஒரே ஒரு பரோட்டாவில் அதைப்போல் 15 மடங்கு உள்ளே போகிறது. வயிறு வலிக்காமல் போகலாம். குடலுக்கு அது கணக்கில்லை. அறிகுறியே இல்லாமல் சேதம் நடக்கிற நோய் இது.

சீலியாக் உள்ளவர்களிடமே ஏஎன்-பெப்பைச் சோதித்தார்களா? நெதர்லாந்தில் சோதித்தார்கள். இரண்டு வாரம், தினம் 7 கிராம் குளூட்டன். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அந்தக் காலத்துக்குள் பெரிதாக மோசமாகவில்லை. அதனால் நொதி காப்பாற்றியதா என்று சொல்லவே வழியில்லாமல் போனது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கடையில் இல்லை: லாட்டிகுளூட்டனேஸ். இரண்டு நொதிகளின் கலவை; அதில் ஒன்று பார்லியிலிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. பார்லியும் சீலியாக் உள்ளவர் தொடக்கூடாத தானியம்தானே! 2017-இல் 494 பேரை வைத்து வந்த ஆய்வில் இது போலி மருந்தைவிட மேலாக இல்லை. ஆய்வில் சேர்ந்ததுமே எல்லாரும் சாப்பாட்டில் கவனமாகிவிட்டார்கள் போலிருக்கிறது, போலி மருந்துக்காரர்களுக்கும் குடல் தேறியது. 2022-இல் 43 பேருக்கு ஆறு வாரம் தினம் 2 கிராம் குளூட்டன் கொடுத்துச் செய்த ஆய்வில் நொதி எடுத்தவர்களுக்குச் சேதம் கணிசமாகக் குறைந்தது. இந்த மூன்றில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். இந்த ஆய்வாளர்களும் உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து எடுக்கும் துணை மருந்தாகத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது, தெரியாமல் கலந்திருக்கும் துளிக்காக ஒரு ஏஎன்-பெப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள், முதல் கவளத்தோடு. சாப்பிட்டு முடித்து வீடு வந்தபின் போட்டால் உணவு வயிற்றைத் தாண்டிப் போயிருக்கும். ஆனால் பையில் மாத்திரை இருக்கிற தைரியத்தில் சமையல்காரரிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டால், வாங்காமலே இருந்திருக்கலாம்.

அதே காசுக்குச் சமையலறை

குளூட்டன் மாத்திரைக்கு உண்மையான போட்டி, வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்வது. அரிசிச் சோறு சாப்பிடுகிற நமக்கு குளூட்டன் இல்லாத உணவு பாதி தானாகவே அமைந்துவிடுகிறது: இட்லி, தோசை, அடை, ஆப்பம், இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி. ரவை, சேமியா, மைதா, கோதுமை எல்லாருக்கும் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி பெருங்காயம்.

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும்; காரத்தைக் குறைக்கவும் கட்டி பிடிக்காமல் இருக்கவும் சேர்ப்பது. ரசத்தில் கால் கிராம் போடுகிறோம், அதில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டால் குளூட்டன் பத்து மில்லிகிராமை ஒட்டி வரும். நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு மூன்று. பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் காலையில் சாம்பார், மதியம் ரசம், மோர், ஊறுகாய், ராத்திரி தோசைக்கு மிளகாய்ப்பொடி என்று ஒருநாள் முழுக்கக் கூட்டினால் கணக்கு வேறு. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது. வாங்கினால் விஷயம் முடிந்தது. எந்த நொதியும் இவ்வளவு சுலபமாக ஒரு கதவை மூடாது.

மற்றவை சுருக்கமாக: சத்துமாவில் கோதுமை இருக்கும், ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லி மால்ட்டும் உண்டு, ஓட்டலில் பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் வரும், பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வரும். வீட்டில் சப்பாத்திக்கும் தோசைக்கும் கல்லைத் தனித்தனியாக வையுங்கள். பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி. மாத்திரைகளையும் படியுங்கள், சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் நிரப்பியிருப்பார்கள்.

கணைய நொதி: சத்தமில்லாத கெட்டிக்காரர்

கோதுமையைச் சுத்தமாக விட்டு மாதக்கணக்காகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை ஏறவில்லை, மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறது, கழிவறையில் தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. இப்படி இருந்தால் பலர் 'இன்னும் எங்கேயோ குளூட்டன் வருகிறது' என்று வீட்டையே புரட்டுவார்கள். சில சமயம் கோளாறு கணையப் பக்கம் இருக்கும்.

கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்குள்ள செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரந்து கணையத்துக்குச் சேதி அனுப்பும். சீலியாக் நோயில் அதிகம் அடிபடுவது சரியாக இந்த இடம்தான். சேதி போகாததால் கணையம் போதிய நொதியைச் சுரப்பதில்லை. 1995-இல் இத்தாலியில் சீலியாக் குழந்தைகள் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வில், முதல் மாதம் கணைய நொதி சேர்த்துக் கொடுத்த குழந்தைகள் எடையில் முந்தினார்கள். இரண்டாம் மாதம் வித்தியாசம் இல்லை. குடல் தேறத் தேறக் கணையமும் விழித்துக்கொள்கிறது. பெரியவர்களிலோ, உணவுக் கட்டுப்பாடு இருந்தும் வயிற்றுப்போக்கு விடாதவர்களைப் பார்த்தபோது ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குக் கணைய நொதி குறைவாக இருந்ததாக இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் மருத்துவர்கள் 2007-இல் எழுதினார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் யோசிப்பார். பேன்கிரியாட்டின் என்ற பெயரில் வரும் கணைய நொதிக் கேப்சூலின் அளவு, கொழுப்பை உடைக்கும் நொதியான லைபேஸின் யூனிட்டில், 10,000, 25,000 என்று வரும். சாப்பாட்டின் தொடக்கத்தில் விழுங்க வேண்டும்; மென்றால் அமிலம் அதைத் தின்றுவிடும். பொதுவான 'மல்ட்டி என்சைம்' மாத்திரைகளில் இருக்கிற துளி லைபேஸ் இதற்கு ஈடாகாது. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சைவர்களும் முஸ்லிம்களும் மருத்துவரிடம் இதைப் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

லாக்டேஸ்: தற்காலிக ஊன்றுகோல்

லாக்டேஸ் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருப்பது. உறிஞ்சி தட்டையானால் முதலில் போவது அதுதான், கடைசியில் திரும்புவதும் அதுதான். அதனால் சீலியாக் கண்டுபிடித்த புதிதில் காபி குடித்தாலே வயிறு உப்பும். பழி குளூட்டன் மேல் விழும். பால் சேரும் உணவோடு ஒரு லாக்டேஸ் மாத்திரை போட்டால் பலருக்குப் பிரச்சினை அன்றே அடங்கும். ஒருவாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலும் விடை கிடைக்கும், அதற்குச் செலவே இல்லை. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குடல் ஆற மாதங்கள் ஆகும். ஆறியபின் மாத்திரையை விட்டுவிடலாம். தென்னிந்தியப் பெரியவர்களில் கணிசமானவர்களுக்கு இயல்பிலேயே லாக்டேஸ் குறைவு என்பதால், சிலருக்கு அந்த நாள் வராமலே போகலாம்.

சிரப்

மருந்துக்கடைக்காரர் 'ஜீரணத்துக்கு' என்று எடுத்துக் கொடுக்கும் சிரப்பில் பொதுவாக இருப்பது பூஞ்சை டயஸ்டேஸும் பெப்சினும். டயஸ்டேஸ் மாவுச்சத்தை உடைப்பது; 1894-இல் ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து இதை எடுத்து காப்புரிமை பெற்றார். பெப்சின் நம் வயிற்றிலேயே இருக்கிறது, குளூட்டனிடம் அது தோற்பதையும் மேலே பார்த்தோம். லேபிளில் 'மால்ட் டயஸ்டேஸ்' என்று இருந்தால் அது பார்லி வழி வந்தது, தொடாதீர்கள். இதற்கு மேல் சிரப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சீலியாக் இல்லை, ஆனால் கோதுமை ஆகாது என்பவர்களுக்கு

இவர்களுக்கு விடை வேறு. 2018-இல் நார்வேயில் இப்படிப்பட்ட 59 பேருக்கு குளூட்டன் கலந்த பார், ஃபிரக்டான் கலந்த பார், எதுவும் கலக்காத பார் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகம் தொந்தரவு செய்தது ஃபிரக்டான். அது கோதுமையில் உள்ள ஒரு மாவுச்சத்து உறவினர். வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக இருப்பது. கோதுமையை நிறுத்திவிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டுக் குழம்புமாகச் சாப்பிடுகிறவருக்கு வயிறு ஏன் இன்னும் உப்புகிறது என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். குளூட்டன் மாத்திரைக்கும் ஃபிரக்டானுக்கும் சம்பந்தமில்லை. ஆல்ஃபா கேலக்டோசிடேஸும் அதைத் தொடாது. அது பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை வகையறாவின் சர்க்கரைக்குத்தான். சப்பாத்தியின் இடத்தில் சுண்டலும் அடையும் வந்து வாயு அதிகமானவர்கள் வேண்டுமானால் அதைச் சாப்பாட்டோடு போட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலில் எதை வாங்குவதாக இருந்தாலும், சீலியாக் உண்டா இல்லையா என்ற ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள். விட்டு மாதங்கள் ஆனபின் செய்தால் இருக்கிற நோயும் இல்லை என்று வரக்கூடும். 'இது வடக்கத்திக்காரர்கள் நோய்' என்று யாராவது சொன்னால், அதில் பாதிதான் உண்மை. 2016-இல் வந்த பெரிய இந்திய ஆய்வில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தன. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.