சுகர் ஃப்ரீ பாக்கெட்டுல கார்ப் எண்ணுறது: மூணு கணக்குல எதை நம்பலாம்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல இப்போ மளிகைக்கடை, ஃபார்மசி எங்க போனாலும் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டு, சாக்லேட்டு கண்ணுல படாம இருக்காது. வாங்குறவங்கள்ல நம்ம ஆளுங்க நிறைய, தோட்டத்துல ரப்பர் மரம் சீவி ஓய்வெடுத்த பெரியவங்களுக்கு பிள்ளைங்க கோலாலம்பூர்லேருந்து வரும்போது ஆசையா வாங்கிட்டு வர்றதும் இதுதான். 2023ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், அதுலயும் இந்தியருங்களுக்குத்தான் அதிகம். அதனால இந்த லேபிள நல்லா படிக்கத் தெரிஞ்சிக்கிறது நமக்கு ரொம்ப முக்கியம்.

முதல்ல ஒண்ணு. 100 கிராம்ல 0.5 கிராமுக்கு மேல சீனி இல்லன்னா சுகர் ஃப்ரீன்னு போட்டுக்கலாம், சட்டம் அவ்வளவுதான் கேக்குது. கோதுமை மாவு, ஸ்டார்ச்சு, மால்டோடெக்ஸ்ட்ரின் இதெல்லாம் சீனி கணக்குல வராது, ஆனா உள்ள போனதும் குளுக்கோஸாதான் ஆகுது, மால்டோடெக்ஸ்ட்ரின் சீனிக்குக் குறையாத வேகத்துல ஏத்தும். எங்க பெரியம்மா தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, போட்டுக்கிட்டு கூட சுகர் ஃப்ரீ பிஸ்கட்ட அஞ்சாறு வச்சிக்குவாங்க, சீனிதான் இல்லையேன்னு. லேபிள்ல ‘குலா’ன்னு மலாய்ல போட்டிருக்கிற சீனி வரியில சைபர் இருக்கும், அதுக்கு மேல இருக்கிற ‘கார்போஹிட்ராட்’ வரியத்தான் பாக்கணும், கார்ப்ன்னு சொல்றது இதத்தான், மாவும் சீனியும் எல்லாம் சேர்ந்த கணக்கு.

இப்போ ஒரு பாக்கெட்டுல ஒரு தடவ சாப்பிடுற அளவுக்கு கார்ப் 20 கிராம், சீனி 0, அதுல மால்டிட்டோல் 8 கிராம்னு போட்டிருக்குன்னு வச்சிக்குவோம், மால்டிட்டோல்ங்கிறது சீனிக்குப் பதிலா போடுற இனிப்பு, சர்க்கரை ஆல்கஹால்னு சொல்ற வகை. இத எண்ணுறதுக்கு மூணு வழி சொல்றாங்க.

முழுக்கணக்குன்னா 20ன்னா 20தான், எதையும் கழிக்கிறதில்ல. நெட் கார்ப்ன்னு சொல்றவங்க மால்டிட்டோல் மொத்தத்தையும் கழிச்சிட்டு 12ன்னு சொல்லுவாங்க, பாக்கெட்டு முன்னாடி பெருசா போட கம்பெனிக்குப் பிடிச்ச நம்பரும் இதுதான், ஆனா அமெரிக்காவுல இந்த நெட் கார்ப்புக்கு சட்டத்துல விளக்கமே கிடையாது. மூணாவது பாதிக்கணக்கு, மால்டிட்டோல் மாதிரி சர்க்கரை ஆல்கஹால் 5 கிராமுக்கு மேல இருந்தா அதுல பாதிய மட்டும் கழிக்கிறது, 8ல 4 போனா 16.

உடம்புல நடக்குறதுக்கு கிட்டத்துல வர்றது பாதிக்கணக்குதான்னு நான் சொல்லுவேன். சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி, மால்டிட்டோல் 2க்கு கொஞ்சம் மேல, அப்படின்னா ஓரளவு அது உள்ள போயி வேலை செய்யுது, சைபர் இல்ல. அதே வகையில எரித்ரிட்டோல் மட்டும் விதிவிலக்கு, அது ரத்தத்துல சுகர ஏத்தாம பெரும்பாலும் அப்படியே சிறுநீர்ல போயிடும், அத முழுசா கழிச்சாலும் தப்பில்ல. அதனால நெட் கார்ப்ப நம்புறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறது எரித்ரிட்டோலா மால்டிட்டோலான்னு பாருங்க, ரெண்டுக்கும் ஒரே கணக்கு போட்டா சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி இன்சுலின் போடுறவங்களுக்கு அளவு பத்தாம சுகர் ஏறிடும். நார்ச்சத்தையும் கழிக்கிறவங்க இன்னொண்ணு பாக்கணும், அமெரிக்கா பாக்கெட்டுல கார்ப்புக்குள்ளயே நார்ச்சத்தும் அடக்கம், ஐரோப்பா பாக்கெட்டுல நார்ச்சத்த ஏற்கனவே தனியா எடுத்துட்டுத்தான் கார்ப் போடுறாங்க, அதுல மறுபடி கழிச்சா கணக்கு கெட்டுச்சு.

ஆனா நம்ம ஊருக்கடையில இன்னொரு சிக்கல் இருக்கு. பல பாக்கெட்டுல மால்டிட்டோல்னு பொருட்கள் பட்டியல்ல பேரு மட்டும் இருக்கும், எத்தன கிராம்னு சத்து அளவு போட்ட கட்டத்துல இருக்காது, அப்புறம் எதுல பாதிய கழிக்கிறது? அங்க முழுக்கணக்கத் தவிர வேற வழி இல்ல. மாத்திரை மட்டும் சாப்பிடுறவங்க, கண்ணு மங்கின பெரியவங்க, இவங்களுக்கு எப்பவுமே முழுக்கணக்குதான் நல்லது, கூட்டல் கழித்தல் இல்ல, கொஞ்சம் கூடுதலா எண்ணினா ரெண்டு பிஸ்கட்டு குறையும் அவ்வளவுதான். வேளைக்கு வேளை கார்ப் எண்ணி இன்சுலின் போடுறவங்க மட்டும் பாதிக்கணக்குக்குப் போங்க, ஏன்னா அவங்க கூடுதலா எண்ணினா ஊசி அதிகமாயி சுகர் இறங்கிடும், அதையும் கிளினிக்ல ஒரு வார்த்த கேட்டுட்டு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மீட்டர்ல குத்திப் பாத்து செய்யுங்க.

சரி, சாதா பிஸ்கட்டோட வச்சுப் பாப்போம். சாதா க்ரீம் கிராக்கர் மூணு எடுத்தா கிட்டத்தட்ட 15 கிராம் கார்ப், டயட்டீஷியன் ஒரு பங்குன்னு எண்ணுறது இதத்தான். மேல சொன்ன சுகர் ஃப்ரீ பாக்கெட்டு பாதிக்கணக்குலயே 16. விலை மட்டும் எங்கயோ இருக்கு. அந்தக் காசுக்கு முட்டையோ கச்சானோ (வேர்க்கடலை) வாங்கலாம்னுதான் நான் வீட்டுல சொல்றது. சுகர் ஃப்ரீ மிட்டாய், பானம் வேற விஷயம், அங்க மாவு இல்ல, சீனி போனா நிஜமாவே கார்ப் குறையும், ஆனா சோர்பிட்டோல், மால்டிட்டோல் போட்ட மிட்டாய கையளவு சாப்பிட்டா வயிறு பொருமி பேதியாகும், பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுக்காதீங்க.

கடைசியா, சுகர் இறங்கி கை நடுங்கி வேர்க்கும்போது இந்த சுகர் ஃப்ரீ மிட்டாயோ பானமோ உதவவே உதவாது. அந்த நேரத்துக்கு மூணு டீஸ்பூன் சாதா சீனிய தண்ணியில கரைச்சுக் குடிக்கணும், பையில எப்பவும் ஒரு சின்னப் பொட்டலம் வச்சிருங்க.