எக்ஸ்எல்லா, பெட்ரோல் ஸ்கூட்டரா, எலெக்ட்ரிக்கா? கொங்கு ஓட்டத்துக்கு எது சரி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புது வண்டி எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது விலையையும் மைலேஜையும்தான். எலெக்ட்ரிக் என்றால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அங்கே எர்த் உள்ள பிளக் இருக்கிறதா?

ஓட்டச் செலவில் எலெக்ட்ரிக்கை அடிக்க ஆளில்லை. 3 கிலோவாட் அவர் பேட்டரி வண்டி 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 யூனிட் இழுக்கும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 20 ரூபாய். லிட்டருக்கு 45 கொடுக்கிற பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரம் 220 ரூபாய், டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுக்கு 180 பக்கம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 2,000 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் வீட்டுக் கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் கூடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டினால் கட்டண ஸ்லாபே மாறி, மொத்த பில்லும் ஏறும். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

விலை வித்தியாசம் முன்போல எலெக்ட்ரிக் பக்கம் சாயவில்லை. பேட்டரியின் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய் வரை இருந்த மத்திய மானியம் படிப்படியாகக் குறைந்து 2025 ஏப்ரலில் 2,500 ஆகிவிட்டது. அதே வருடம் செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டர்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம்தான் என்றாலும், தினமும் 10 கிலோமீட்டர்கூட ஓடாதவருக்குப் போட்ட பணம் திரும்பப் பல வருடம் ஆகும்.

தோட்டத்துக்காரர்களுக்கு நான் இன்னும் எக்ஸ்எல்லைத்தான் சொல்வேன். முன்னால் தவிட்டு மூட்டை, பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன், குண்டும் குழியுமான இட்டேரி, அதாவது தோட்டத்து வண்டிப்பாதை; இதற்கென்றே செய்த மாதிரி வண்டி அது. நின்றுபோனால் ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்வார். எலெக்ட்ரிக்கில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் போனால் டவுனுக்கு ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொன்று, தோட்டத்து மோட்டார் கனெக்‌ஷனில் வரும் இலவசக் கரண்ட் பாசனத்துக்கு மட்டும். அதில் வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள்.

லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாத, மணிக்கு 25 கிலோமீட்டர் வேக எலெக்ட்ரிக் வண்டிகள் பள்ளிக்கூடம், மளிகைக் கடை வரைக்கும் சரி. அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அதை ஓட்டுவது ஆபத்து. லெட் ஆசிட் பேட்டரி போட்ட வண்டி என்றால் எடுக்கவே வேண்டாம். சீக்கிரமே தூரம் குறைந்துவிடும்.

எனக்கு ஆதங்கம் பனியன் கம்பெனித் தொழிலாளர்களை நினைத்துத்தான். தினமும் ஓடுகிறவர்கள், பெட்ரோல் செலவு உறைக்கிறவர்கள் அவர்களே. அவர்களுக்குத்தான் பிளக் இல்லை. லைன் வீட்டில் வண்டி வாசலில் நிற்கும். ஜன்னல் வழியாக வயர் இழுத்தால், "கரண்டுக் காசை யாருங்க கட்டறது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், போச்சம்பள்ளியில் ஓலாவும் வண்டி செய்கின்றன. ஆம்பியர் எலெக்ட்ரிக் வண்டி கம்பெனி 2008-இல் கோவையில்தான் தொடங்கியது. இத்தனை பக்கத்தில் வண்டி தயாராகியும் லைன் வீட்டு வாசலுக்கு வராததற்குக் காரணம் ஒரு பிளக்.

சப் மீட்டரோடு ஒரு பாயிண்ட் போட்டு, யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுத்தாலும் 100 கிலோமீட்டருக்கு 40 ரூபாய்தான். வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் எலெக்ட்ரிக் எடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இப்போதைக்குப் பெட்ரோலே சரி.