மேற்கோளுக்குச் சான்று: எழுதும்போதா, எழுதி முடித்த பிறகா?

புறநானூற்று உரைகளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்றை அண்மையில் எழுதி முடித்தேன். எழுதும்போதே சான்றுகளைக் குறித்துக்கொண்டு செல்லும் முறையையே அதில் கையாண்டேன். அடுத்த கட்டுரைக்கும் அதுவே என் முறை.

எழுதி முடித்த பிறகு சான்று சேர்ப்போரின் காரணமும் நியாயமானதே. வாதம் ஓடிக்கொண்டிருக்கையில் நூலைப் புரட்டினால் ஓட்டம் தடைப்படும். பின்னர் நீக்கப்போகும் பத்திக்குப் பட்ட பாடும் வீணாகும். சான்றெண் வரிசை குலையும் என்ற பழைய கவலைக்கு இன்று இடமில்லை. வேர்டின் அடிக்குறிப்பு வசதியே எண்களைத் திருத்திக்கொள்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பக்க எண்தான். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற அடிக்குச் சான்று புறம். 192; எந்தப் பதிப்பிலும் அது மாறாது, எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். உரையாசிரியர் கருத்தை எடுத்தாளும்போது நிலைமை வேறு. உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பிலுள்ள பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது, ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையோ அதற்குப் பின்னுள்ள பாடல்களுக்கும் உண்டு. ஒரு விளக்கத்தை எந்த உரையில், எந்தப் பதிப்பில், எந்தப் பக்கத்தில் கண்டோம் என்பதைக் குறிப்பது, நூல் மேசைமேல் விரிந்திருக்கும்போது அரை நிமிட வேலை. நூலகத்தில் திருப்பிக் கொடுத்த பிறகு அதற்கே ஒரு நாள் போய்விடும். கிடைப்பது வேறு பதிப்பானால் பக்கமும் பொருந்தாது. அதைவிடக் கவலைக்குரியது, உரையாசிரியரின் தொடர் நம் தொடரோடு கலந்து, எது யாருடையது என்று பிரித்தறிய முடியாமற் போவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. உரிய சான்றுடன் தரப்பட்ட மேற்கோளை அந்தக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. சான்று விடுபட்ட தொடருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எழுதும்போதே என்றால், முழுக்குறிப்பையும் அப்போதே வடிவம் பிசகாமல் அமைக்க வேண்டும் என்பதில்லை. வரைவில் ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, பக்கம் ஆகிய மூன்றும் அடைப்புக்குறிக்குள் இருந்தால் போதும். நிறுத்தக்குறிகளையும் துணைநூற்பட்டியலையும் இதழின் விதிப்படி இறுதியில் ஒழுங்குபடுத்தலாம்.

பலர் கூடி எழுதும் அறிவியல் கட்டுரைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே பெரும்பாலும் பக்கத்தைச் சுட்டாமல் கட்டுரையை முழுமையாகச் சுட்டுவதால், என் வாதம் இதே வலுவோடு பொருந்தாது என்றே கருதுகிறேன். என் கட்டுரையிலும் முன்னுரையின் பொதுக்கூற்றுகளுக்கு மட்டும் இறுதியில்தான் சான்று சேர்த்தேன். வாதம் எங்கே சென்று முடிகிறது என்று தெரிந்த பிறகே முன்னுரையில் எவை நிற்கும் என்பது உறுதியாகிறது.