நாலு வருஷ மடக்குக் கம்பும் அந்த மூணாவது கணுவும்

கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவர் நேற்று ராத்திரி கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே மடக்குத் தூண்டில் கம்பு, வெலை நல்லா எறங்கியிருக்கு. ஜனவரி பயணத்துக்கு ஒண்ணு வாங்கிடட்டா?" வாங்கு, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் இவ்வளவு நீளம்.

பயணம் இதுதான். திருவொற்றியூரில் விடியுமுன் கிளம்பி, சென்னை–கூடூர் ரயில் பாதைக்குப் பக்கமாகவே மூன்று நாள் சைக்கிள். மீஞ்சூர், பொன்னேரி, அங்கிருந்து கிழக்கே சுமார் 20 கி.மீ. பழவேற்காடு ஏரி. இரண்டு ராத்திரி அங்கே தெரிந்தவர் தோப்பில் கூடாரம், பகலில் தூண்டில். மூன்றாம் நாள் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சுற்றி வீடு. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ரயில் நின்றுபோன ஒரு தடத்தை சுமார் 386 கி.மீ. சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டி டிரெயில் என்று பெயர். நெடுந்தூரம் ஆற்றங்கரையிலேயே போகும். அந்தப் படங்களைப் பார்த்து வந்த ஆசைதான் எங்களுடையது. அங்கே தண்டவாளமும் இல்லை, மேலே மின்கம்பியும் இல்லை. நம் பாதையில் ரயில் ஓடுகிறது. இந்த வித்தியாசம் பின்னால் வரும், மறந்துவிடாதீர்கள்.

கம்புக்கு வருகிறேன். 2021-ல் வாங்கினேன். எட்டடி, மடக்கினால் இரண்டடி. சைக்கிள்காரனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லித் தீராது. கேரியர் பைக்கும் சுருட்டிய கூடாரத்துக்கும் நடுவில் செருகினால் இருக்கிற இடமே தெரியாது. எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் துண்டு போட்டு இந்தக் கம்பில் எடுத்த கிழங்கானுக்கும் கீச்சானுக்கும் கணக்கே இல்லை. ஒருமுறை இரண்டு கிலோ இருக்கும் கொடுவா ஒன்று அடித்து இழுத்தது. கம்பு வில்லாக வளைந்து தாங்கியது, முனை நடுங்கியதே தவிர முறியவில்லை. கொடுத்த காசுக்கு அன்றைக்கே ஈடாகிவிட்டது.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் வந்த பிறகு நான் எண்ணூரில் தூண்டில் போடவில்லை. அன்று கரையில் நின்று பார்த்த கறுப்புத் தண்ணீர் இன்னும் கண்ணில் இருக்கிறது. வலையும் படகும் பிசுபிசுத்துப்போன வீடுகள் எத்தனை. அதற்குப் பிறகுதான் பழவேற்காட்டுக்கே போக ஆரம்பித்தேன்.

இப்போது குறை. ஒரே குறைதான், ஆனால் நாலு வருஷமாக விடாத குறை: மூணாவது கணு, அதாவது துண்டும் துண்டும் சேருகிற இடம், மாட்டிக்கொள்ளும்.

மடக்குக் கம்பில் ஒவ்வொரு துண்டும் மேலே போகப் போகச் சிறுத்திருக்கும். உள்துண்டின் தடித்த அடி, வெளித்துண்டின் குறுகிய வாயில் ஆப்பு மாதிரி இறுகித்தான் கம்பு நிற்கிறது. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் இறுக்கம் கூடிவிடும். அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் காய்ந்து உப்பு பூத்தால், நாலு மணல் சேர்ந்தால், அவ்வளவுதான். விரிக்கும்போது முனைத் துண்டிலிருந்து தொடங்க வேண்டும், மடக்கும்போது அடித் துண்டிலிருந்து. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வருஷம் முழுக்கத் தலைகீழாகச் செய்தேன். அட்டைப்பெட்டியில் நாலு வரி அச்சடிக்கக் கூடவா இடமில்லை? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாட்டிக்கொண்டால் நான் செய்வது: இரண்டு கையிலும் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, திருகியபடியே உள்ளே தள்ளுவேன். தூண்டில் நரம்பு ஓடுகிற வளையத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. அசையாவிட்டால் கணுவில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட வேண்டும், உப்பு கரையும். வீட்டுக்கு வந்ததும் அடி மூடியைக் கழற்றி எல்லாத் துண்டையும் உருவி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைக்கிறேன். இவ்வளவு செய்தும் போன மாதம் பழவேற்காட்டில் மாட்டிக்கொண்டது. ட்யூப், வெந்நீர், தோப்புக்காரர், அவர் மகன், யாருக்கும் அசையவில்லை.

கம்பைச் சைக்கிளில் படுக்கவாட்டில் கட்டிப் பார்த்தேன். பின்னால் நாலடி நீட்டிக்கொண்டு, வருகிறவர் கண்ணைக் குத்திவிடும் போலிருந்தது. சீட்டோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு ரயில்வே கேட். மூடியிருந்தது. நின்ற நேரத்தில் கட்டு தளர்ந்திருக்கிறதே என்று அவிழ்த்து, கம்பைக் கையில் தூக்கிப் பிடித்தேன். கேட்காரர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "கீழ எறக்குய்யா! மேல கரெண்ட்டு!"

தண்டவாளத்துக்கு மேலே போகிற அந்த மின்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டும் என்பதே இல்லை. 2 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் கணக்கு. கார்பன் கலந்த கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி ஃபைபர் என்றாலும் உப்புத்தண்ணீரில் நனைந்ததை நம்ப முடியாது. அவர் சொன்னதும் கை தானாக இறங்கிவிட்டது. பொன்னேரி வரை கம்பைத் தரைக்குச் சமமாகப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்காரர் அந்தக் கணுவை விடுவித்து, முனை வளையத்தையும் புதிதாக ஒட்டிக் கொடுத்தார். இப்போது வெண்ணெய் மாதிரி மடங்குகிறது. நல்ல கம்பு, நான் மறுக்கவே இல்லை. இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

ஆனாலும் தம்பி, வாங்காதே. ரயில் பாதையை மூன்று நாளில் நாலைந்து முறை கடக்கப் போகிறோம். மடங்கும் என்று நம்பிப் போய் மடங்காமல் நிற்கிற எட்டடிக் கம்பு எனக்கு வேண்டாம். காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் பெரியவர்கள் கட்டையில் சுற்றிய தங்கூசி என்கிற நைலான் நரம்பும் ஈயமும் முள்ளுமாக மீன் எடுப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். சட்டைப்பையில் அடங்கும், எந்தக் கணுவும் இல்லை.

இன்னொன்று. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், பாடு என்பார்கள். வலை நிற்கிற பக்கம் நாம் முள் வீசக்கூடாது. தோப்புக்காரரிடம் கேட்டு, அவர் காட்டுகிற கரையில்தான் உட்கார வேண்டும். பறவைகள் சரணாலயப் பகுதிக்குள் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். பூநாரை வருகிற மாதம் அது.

லாரிக் கூட்டம் சேருமுன் மணலி புதுநகரைத் தாண்டிவிட வேண்டும், அதனால் நாலு மணிக்கே வந்துவிடு. இரண்டு கட்டையில் தங்கூசி சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு.