பெர்த், போர்ட் மோர்ஸ்பி, கிறைஸ்ட்சர்ச், இப்ஸ்விச்: என்ஆர்எல் புது டீம்கள்ல எது தாங்கும்?

ஆஸ்திரேலியாவோட என்ஆர்எல் ரக்பி லீக் 2023ல இருந்து 17 டீமோட ஓடிட்டு இருக்கு, 2027ல பெர்த் பேர்ஸ், 2028ல பப்புவா நியூ கினி சீஃப்ஸ், அப்புறம் 20ஆவது இடம் யாருக்குன்னு இப்பவே அடிதடி. (இலங்கைல ஸ்கூல் பசங்க ஆடுறது 15 பேர் யூனியன், இது 13 பேர் லீக், ரெண்டும் வேற வேற ஆட்டம்.) பேச்செல்லாம் ஸ்டேடியம் எவ்ளோ பெருசு, டிவி மார்க்கெட் எவ்ளோ பெருசுன்னே போகுது. நான் வேற ஒரு கேள்விய வச்சு தான் இவங்கள எடை போடப்போறேன். முதல் 3 வருஷம் தோத்து ஆரவாரம் அடங்கினதுக்கு அப்புறம், 4ஆவது வருஷம் பணம் போட யார் இருப்பா?

ஏன் 4ஆவது வருஷம்னா, 1995ல ஒரே நேரத்துல 4 டீம சேத்தாங்க: ஆக்லாந்து வாரியர்ஸ், நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ், சவுத் குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸ், பெர்த்ல வெஸ்டர்ன் ரெட்ஸ். அதே வருஷம் பே டிவி உரிமைக்காக ரூபர்ட் மர்டாக் கம்பெனி ஒரு பக்கம் கெர்ரி பேக்கர் ஒரு பக்கம்னு சூப்பர் லீக் சண்டை வெடிச்சு, 1997ல ஒரே நாட்டுல ரெண்டு போட்டி தனித்தனியா நடந்து, கடைசில சேர்ந்தப்ப க்ரஷர்ஸும் இல்ல, ரெட்ஸும் இல்ல. ரெண்டுமே 4ஆவது சீசன பாக்கல. 1997ல வந்த அடிலெய்ட் ராம்ஸ் ரெண்டே சீசன்ல முடிஞ்சது. கவ்பாய்ஸ பாருங்க, முதல் வருஷமே கடைசி இடம், ஆனா விடாம தாங்கிப் பிடிச்சாங்க, 20 வருஷம் கழிச்சு 2015ல பைனல் கோல்டன் பாயிண்ட் (சமன் ஆனா கூடுதல் நேரத்துல முதல்ல பாயிண்ட் எடுக்கறவங்க ஜெயிக்கற முறை) வரைக்கும் போய் ஜொனதன் தர்ஸ்டன் அடிச்ச ஃபீல்ட் கோல்ல பிரிஸ்பேன் பிராங்கோஸ 17-16னு ஜெயிச்சாங்க.

பெர்த்

பெர்த்துக்கு நடந்தது அநியாயம்னு தான் நான் இன்னும் சொல்வேன். ரெட்ஸோட முதல் மேட்ச்ல வாக்கா மைதானத்துல 24,000 பேருக்கு மேல வந்தாங்க. ஆனா சேர்க்கும்போதே, அங்க வந்து ஆடுற எதிரணியோட பிளைட் செலவு ஹோட்டல் செலவ பெர்த் தான் ஏத்துக்கணும்னு வச்சிட்டாங்க, சிட்னில இருந்து பெர்த் 5 மணி நேர பிளைட், ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் அந்த செலவு, எந்த கிளப் தாங்கும்? மூடினதுக்கு அப்புறம் அங்க ஆடின ராபி கியர்ன்ஸ், மேட் கெயர் எல்லாம் புதுசா ஆரம்பிச்ச மெல்பர்ன் ஸ்டார்முக்கு போய் 1999லயே சாம்பியன் ஆனாங்க. பிளேயர்ஸ் மேல குத்தமே இல்ல, அந்த ஏற்பாடே தப்பு.

இந்த தடவை கதை வேற. 2025 மே மாசம் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா அரசாங்கத்தோட ஒப்பந்தம் ஆச்சு, சுமார் 65 மில்லியன் டாலர், அது சில வருஷத்துக்கு பிரிச்சு வருது, பயிற்சி மையம் கட்டவும் கீழ்மட்ட ஆட்டத்துக்கும் அதுல பணம் இருக்கு. 20,000 பேர் உக்கார்ற செவ்வக ஸ்டேடியம் ஊருக்குள்ளயே இருக்கு, கோச் மால் மெனிங்கா. பேர்ஸ்ங்கற பேரு நார்த் சிட்னியோடது, 1908ல போட்டிய ஆரம்பிச்ச கிளப்கள்ல ஒண்ணு, கப் ஜெயிச்சது 1921லயும் 1922லயும் மட்டும் தான். 1999 முடிஞ்சு மேன்லியோட சேர்த்து நார்தர்ன் ஈகிள்ஸ்னு ஆக்கினாங்க, அந்த கூட்டு 2002லயே கலைஞ்சு போச்சு. கால் நூற்றாண்டா டீமே இல்லாம அந்த கருப்பு சிவப்பு ஜெர்சிய போட்டுட்டு கீழ்மட்ட மேட்சுக்கு போன கூட்டம் அது, அவங்களுக்கு ஒரு டீம் கிடைக்கறது எனக்கு உண்மையாவே சந்தோஷம்.

டிவிக்கும் லாபம் இருக்கு. சிட்னிய விட பெர்த் 2 மணி நேரம் பின்னாடி, அங்க ராத்திரி ஏழரைக்கு ஆடினா சிட்னில ஒம்போதரை, மத்த மேட்ச் முடியற நேரத்துல புதுசா ஒண்ணு ஆரம்பிக்கும். கஷ்டம் என்னன்னா பெர்த் ஆஸ்திரேலியன் ரூல்ஸ்ங்கற வேற ஃபுட்பாலோட ஊரு, அந்த ஆட்டத்து டீம்களான வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் ஃப்ரிமேண்டிலும் தான் அங்க ராஜா. குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதற ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மேட்ச 2019ல, 2022ல, 2025ல எல்லாம் அங்க நடத்தினப்ப பெரிய ஸ்டேடியத்துக்கு கூட்டம் கூட்டமா வந்தாங்க, ஆனா திருவிழா கூட்டம் வேற, ஜூலை மழைல தோத்துட்டே இருக்கற டீம பாக்க வர்ற கூட்டம் வேற. 4ஆவது வருஷ கேள்விக்கு பதில்: என்ஆர்எலே ஓனர், அரசாங்க பணமும் ஓடிட்டு இருக்கும், அதனால தப்பிக்கும்னு நினைக்கிறேன். உள்ளூர் பசங்கள வளர்க்கற வேலைய முதல் நாளே ஆரம்பிக்கணும், இல்லன்னா கிழக்குல இருந்து வாடகைக்கு வந்த பிளேயர்ஸ் தான் கடைசி வரைக்கும்.

பப்புவா நியூ கினி

இந்த ஆட்டம் ஒரு நாட்டோட தேசிய விளையாட்டா இருக்குன்னா அது பப்புவா நியூ கினில தான். 800 மொழிக்கு மேல பேசற நாடு, எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கறது ஆரிஜின் மேட்சும் அவங்க தேசிய டீமான குமுல்ஸ் மேட்சும் தான். 2014ல என்ஆர்எலுக்கு ஒரு படி கீழ இருக்கற குயின்ஸ்லாந்து கப்ல ஹண்டர்ஸ்னு ஒரு டீம் விட்டாங்க, நாலே சீசன், 2017ல சன்ஷைன் கோஸ்ட்ட 12-10னு ஜெயிச்சு சாம்பியன். அதாவது இவங்க 4ஆவது வருஷ பரிட்சைய ஒரு படி கீழ ஏற்கனவே எழுதி பாஸ் ஆனவங்க. மார்கஸ் பை 1999 ஸ்டார்ம் டீம்ல கப் ஜெயிச்சாரு, சிம்பு மலைப் பக்கத்துல இருந்து வந்த ஜஸ்டின் ஓலம் 2021ல வருஷத்தோட சிறந்த சென்டர்னு பேர் வாங்கினாரு. திறமை இருக்கு, அத பிடிச்சு வளர்க்க ஆள் இல்லாம தான் போச்சு.

பணம்? 2024 டிசம்பர்ல ஆஸ்திரேலிய அரசாங்கம் 10 வருஷத்துக்கு 600 மில்லியன் டாலர்னு அறிவிச்சது. பெர்த்தோட 65ஐ பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்தப் பணத்துல ஒரு பகுதி பசிபிக் தீவுகள்ல ஸ்கூல் பசங்க, பொண்ணுங்க ஆட்டத்துக்கும் போகுது, எனக்கு இதுல பிடிச்ச பகுதியே அது தான். ஆனா இது விளையாட்டுக்காக மட்டும் குடுத்த பணம் இல்ல, சீனா பசிபிக்ல கால் ஊனாம இருக்கணும்ங்கற கணக்கு, போர்ட் மோர்ஸ்பி அந்தப் பக்கம் சாய்ஞ்சா ஆஸ்திரேலியா ஒப்பந்தத்துல இருந்து விலகிக்கலாம்ங்கற ஏற்பாடும் இருக்கு. ஒரு ரக்பி டீமோட உயிர் ரெண்டு நாட்டு வெளியுறவு அமைச்சகத்து கைல இருக்கறது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல.

அப்புறம் பாதுகாப்பு. 2024 ஜனவரில போர்ட் மோர்ஸ்பில கடைகள கொளுத்தி கலவரம் நடந்து ஆட்கள் செத்தாங்க. குடும்பத்தோட இருக்கற பிளேயர் அங்க போய் குடியேறுவானா? அதுக்காக தனியா காவலோட குடியிருப்பு கட்டறாங்க, சம்பளத்துக்கு வரி இல்லன்னும் சட்டம் போட்டாங்க. சம்பள உச்சவரம்பு எல்லா டீமுக்கும் ஒண்ணுங்கறப்போ வரியில்லாத சம்பளம் ரொம்ப பெரிய சாதகம், மத்த கிளப் எல்லாம் பொருமுறாங்க. அவங்க பொருமறதுல நியாயம் இருக்கு, ஆனாலும் இது இல்லாம அங்க ஒரு நல்ல ஹாஃப்பேக் கூட போக மாட்டான், அதனால விடலாம்னு தான் என் கட்சி. தூரம்னு சொல்றவங்க மேப்ப பாக்கணும், பிரிஸ்பேன்ல இருந்து 3 மணி நேரம், நேரமும் பிரிஸ்பேன் நேரமே, பெர்த்த விட கிட்டக்க.

ஆக பணம் 10 வருஷம், கூட்டம் என்னிக்கும் இருக்கும், ஆனா அரசியல் மாறினா ஒரே நாள்ல எல்லாம் போகும். பெர்த்துக்கு இருக்கறது ஆர்வம் குறையுமோங்கற பயம், இங்க அந்த பயமே கிடையாது. எனக்கு ரெண்டுல ஒண்ணு தான்னு சொன்னா பப்புவா நியூ கினிய எடுப்பேன், ஆனா பெர்த்த ஒரு வருஷம் முன்னாடி விட்டது சரியான வரிசை, இங்க ஸ்டேடியம், வீடு, பயிற்சி மையம்னு தயாராக நேரம் வேணும்.

20ஆவது இடம்

பிரிஸ்பேன் பக்கத்துல இருக்கற இப்ஸ்விச்சுக்கு கேக்கறவங்க பழைய பிராங்கோஸ் ஸ்டார்களான ஆலன் லாங்கர், வால்டர்ஸ் அண்ணன் தம்பிங்க வந்த மண்ணுன்னு சொல்றாங்க, வாஸ்தவம். ஆனா பிரிஸ்பேன சுத்தி பிராங்கோஸ், டால்ஃபின்ஸ், டைட்டன்ஸ்னு 3 டீம் இருக்கு. டால்ஃபின்ஸ் 2023ல வந்த முதல் மேட்ச்லயே ரூஸ்டர்ஸ 28-18னு அடிச்சதுக்கு காரணம் 1947ல இருந்து ரெட்கிளிஃப்ல ஓடற கிளப், கூட கோச் வெய்ன் பென்னட். அந்த மாதிரி வேரும் ஆளும் மறுபடி அமையும்னு நம்பி 4ஆவது டீம விடறது பிராங்கோஸ் ரசிகர்கள பிரிச்சு குடுக்கறதுல தான் முடியும்.

கிறைஸ்ட்சர்ச் தான் என் ஓட்டு. நியூசிலாந்தோட தெற்குத் தீவுல ஒரு டீமும் இல்ல, ஆக்லாந்து வாரியர்ஸ் 1995ல இருந்து கப்பே ஜெயிக்காம 2023ல அரங்கு நிறைய ஆள சேர்த்தாங்கன்னா அந்த நாட்டுல பசி எவ்ளோ இருக்கும். கூரை போட்ட புது ஸ்டேடியம் இருக்கு, நேரம் சிட்னிய விட 2 மணி நேரம் முன்னாடிங்கறதால சிட்னி நேரப்படி வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணி மேட்சுக்கு கச்சிதம். 2023ல டால்ஃபின்ஸுக்கு பாயிண்ட் அடிச்சு குவிச்ச ஜமெய்ன் இசாக்கோ கிறைஸ்ட்சர்ச்ல பொறந்தவர், மேல ஆடணும்னா அந்த ஊர் பசங்க ஆக்லாந்து இல்லன்னா கடல் தாண்டித் தான் போகணும். யூனியன்ல க்ரூசேடர்ஸ் டீம் அங்க மலை மாதிரி நிக்குது, அத அசைக்க வேண்டாம், பக்கத்துல இடம் போட்டா போதும். குறை ஒண்ணே ஒண்ணு, பெர்த் மாதிரி மாநில அரசாங்கமோ போர்ட் மோர்ஸ்பி மாதிரி கான்பெராவோ (ஆஸ்திரேலிய மத்திய அரசாங்கம்) பெரிய காசோலையோட பின்னால நிக்கல. அங்க 4ஆவது வருஷ பணத்த என்ஆர்எல் தன் டிவி வருமானத்துல இருந்து முன்கூட்டியே ஒதுக்கி வைக்கணும். இப்ப இருக்கற டிவி ஒப்பந்தம் 2027ஓட முடியுது, அடுத்தத கையெழுத்து போடறப்பவே அதுக்கு ஒரு பங்க எடுத்து வச்சிட்டு தான் 20ஆவது டீம் பேர சொல்லணும்.